மரப்பாச்சிக்குக் காதுகுத்து

என் அத்தை தாட்சாயிணியின் சமையல் சுமார்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மறைந்தவர்களைப் பற்றி எழுத உட்காருகிற எல்லோரும் அவர்களுடைய கைமணத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். அத்தை வைக்கிற குழம்பில் உப்பு ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். கேட்டால், "துன்றதுக்கு வாயைத் தொற, பேசறதுக்குத் தொறக்காதே" என்பாள். ஆனால் கோடை விடுமுறையில் ஒரு வீடு நிறையப் பிள்ளைகளை, கண் விழித்ததிலிருந்து பாய் விரிக்கிறவரைக்கும், அடி இல்லாமல் அழுகை இல்லாமல் கட்டி மேய்க்க அவளைப்போல் ஒருத்தியை நான் இன்றுவரை பார்க்கவில்லை.

வெள்ளைக்காரன் இருந்த காலம். இரண்டாவது உலகச் சண்டை இன்னும் வந்திருக்கவில்லை. முகப்பேர் அப்போது ஏரியும் நெல்வயலும் வேர்க்கடலைக் கொல்லையுமாக இருந்த ஊர். என் அப்பாவுக்குப் பெரம்பூரில் ரயில் பட்டறை வேலை. பள்ளிக்கூடம் சாத்திய மறுநாளே அம்மா என்னைத் தன் தம்பி வரதன் மாமா வீட்டில் தள்ளிவிட்டுப் போய்விடுவாள். பெரியம்மா பிள்ளை சம்பத் சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து வருவான். இன்னும் சிலதுகளும் வரும். அதுகளின் பெயரெல்லாம் உங்களுக்கு வேண்டாம், பட்டாளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர் சொர்க்கமாக இருந்தது என்றெல்லாம் நான் கதைவிட மாட்டேன். வெயில் மண்டையைப் பிளக்கும். சோற்றுத் தட்டில் ஈ மொய்க்கும். முதல் வாரம் முழுக்க எனக்குப் பெரம்பூர் சோடாக்கடை நினைப்பாகவே இருக்கும்.

ஒரு வருஷம் சம்பத் கிணற்று ஏற்றத்தின் கழியில் தொங்கி ஊஞ்சல் ஆடினான். கைதவறி இருந்தால் அவன் கதை அன்றோடு முடிந்திருக்கும். மாமா அவனை அடிக்கக் கையை ஓங்கினார். அத்தை குறுக்கே வந்து நின்றுகொண்டாள். "சும்மா குந்திகினு இருந்தா கொரங்கு இன்னா செய்யும்? மரத்துல தான் ஏறும். வேலை குடுத்தா ஏறுமா?" என்றாள். அன்றிலிருந்துதான் அவள் நாள்களுக்குப் பெயர் வைக்க ஆரம்பித்தாள்.

காலையில் வாசலுக்குச் சாணம் தெளித்துக்கொண்டிருப்பாள். நாங்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு போய் வரிசையாக நிற்போம். "இன்னிக்கி இன்னா நாளு அத்தே?" என்று கேட்போம். கையில் இருக்கிற சாணத் தண்ணீரை ஒரு தடவை சுழற்றித் தெளித்துவிட்டுச் சொல்வாள்.

எறும்பு நாள் என்றால் கொல்லையில் பிடுங்கிய வேர்க்கடலையை நாங்கள் வரிசை கலையாமல் வீட்டுக்குச் சுமந்து வர வேண்டும். முந்தினால் எறும்பு இல்லை என்று ஆட்டத்திலிருந்து நீக்கிவிடுவாள். பாதி அறுவடை இப்படித்தான் வீடு வந்து சேர்ந்தது. அத்தையின் கெட்டிக்காரத்தனம் எனக்குக் கல்யாணமான பிறகுதான் புரிந்தது. ஊமை நாளில் வீட்டில் ஒருவரும் பேசக் கூடாது, அத்தையும்தான். அப்படி ஒரு நாள் எண்ணெய்க்காரர் வந்து, வீடு மொத்தமும் கையாலேயே பேசுவதைப் பார்த்துவிட்டு, முகப்பேரில் ஏதோ வியாதி பரவுகிறது என்று பக்கத்து ஊர் பாடிவரைக்கும் சொல்லிவிட்டுப் போனார். தலைகீழ் நாளில் நாங்கள் பெரியவர்கள், பெரியவர்கள் பிள்ளைகள். வரதன் மாமா கையைக் கட்டிக்கொண்டு வாய்ப்பாடு ஒப்பித்தால்தான் சோறு. ஏழாம் வாய்ப்பாட்டில் அவருக்கு எப்போதும் நாக்கு சிக்கிக்கொள்ளும். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து தானும் ஒரு பிள்ளையாகச் சிரிப்பாள். மாமா பெரிய ரோஷக்காரர், ஆனால் அந்த ஒரு நாள் மட்டும் பிரம்பை நீட்டினால் கையை நீட்டுவார்.

எந்த நாளானாலும் சட்டம் ஒன்றுதான்: செய்தால் முழுசாகச் செய்ய வேண்டும். சந்தை நாளில் சம்பத் மணலை அரிசி என்று கை மதிப்பாக அள்ளிப் போட்டான். "தராசு எங்கேடா?" என்று அத்தை கடையைக் கலைத்துவிட்டாள். அவன் கொட்டாங்கச்சியில் தராசு கட்டிய பிறகுதான் சந்தை மறுபடியும் கூடியது.

இவ்வளவு சிரிக்கிற அத்தைக்குள் ஒரு முள் இருந்தது. அவளுடைய ஒரே மகள் வரலட்சுமிக்கு அப்போது ஐந்து வயது. காது இன்னும் குத்தவில்லை. பெண் குழந்தை வெறும் காதோடு தெருவில் ஓடினால் ஊர் சும்மா இருக்குமா? பார்க்கிறவர்கள் எல்லாம் விசாரித்தார்கள்.

விஷயம் இதுதான். காதுகுத்து என்றால் முதல் அழைப்பு தாய்மாமனுக்கு. புருஷனும் பெண்டாட்டியுமாக, வெற்றிலை பாக்கு மஞ்சள் பூ பழம் வைத்த தட்டோடு, அவர் வீட்டுக்கே போய் அழைக்க வேண்டும். அவர் சீர் கொண்டு வந்து, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டால்தான் காது குத்துகிற பத்தர் ஊசியை எடுப்பார். அத்தைக்குக் கூடப் பிறந்தது ஒரே அண்ணன், நூம்பலில் இருந்த கோதண்டம். வரலட்சுமிக்கு ஒரு வயதானபோது நாள் குறித்தார்கள். அறுவடை நேரம். மாமாவால் நகர முடியவில்லை. பூந்தமல்லிப் பக்கம் போன வண்டிக்காரர் ஒருவரிடம், "நூம்பல்ல எங்க மச்சானாண்ட சொல்லிடுப்பா, வந்துடச் சொல்லு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

கோதண்டம் வரவில்லை. வண்டிக்காரன் வாயால் வருகிற அழைப்புக்கு எழுந்து வர அவருக்கு மானம் கெட்டுப்போய்விடவில்லை என்று பதில் வந்தது. அப்படியும் வந்துவிடுவார் என்று கோயில் வாசலில் முகூர்த்தம் தாண்டுகிறவரை காத்திருந்துவிட்டு எல்லோரும் திரும்பினார்கள். மாமா அங்கேயே நின்று, "இனிமே அவன் ஊட்டு வாசல்ல நான் தட்டு வெச்சா என் பேரு வரதன் இல்ல" என்று சபதம் போட்டார். அத்தை ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "எங்க அண்ணன் மடி இல்லாம எம் பொண்ணு காதுல ஊசி படக் கூடாது."

அதோடு சரி. அண்ணன் அங்கே, தங்கை இங்கே. ஒரு பொழுதில் போய்ச் சேருகிற தூரத்தை மூன்று ரோஷம் சேர்ந்து காசி தூரமாக்கிவிட்டது.

நான் சொல்லும் கோடையில் மாமாவுக்குப் பொறுமை போய்விட்டது. ஒற்றைப்படை வயதில்தான் காது குத்த வேண்டும். ஐந்தும் போனால் ஏழு வயதுக் கழுதையை யார் மடியில் வைப்பது என்று ஆரம்பித்தார். வருகிற வெள்ளிக்கிழமை பங்காளி ஜம்புலிங்கத்தின் மடியில் வைத்துக் குத்திவிடுவதாக முடிவு சொன்னார். தாய்மாமன் உயிரோடு இருக்கும்போது வேறொருவர் மடியில் வைத்துக் குத்தினால் அந்த உறவை ஊரறியத் தலைமுழுகியதாக அர்த்தம். அத்தைக்கு அது தெரியும். மாமாவுக்கும் தெரியும். அத்தை எதிர்த்துப் பேசவில்லை.

அடுத்த நாள் காலையில் நாங்கள் வழக்கம்போலப் போய் நின்றோம்.

"இன்னிக்கி இன்னா நாளு அத்தே?"

"எதுனா ஒரு நாளு. நீங்களே வெச்சிக்கோங்க," என்றாள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அத்தை வைக்காத நாளை நாங்கள் எப்படி வைப்பது? அப்போது வரலட்சுமிதான் தன் மரப்பாச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தது. "காதுகுத்து நாளு," என்றது. "மொதல்ல இவுளுக்குக் குத்துங்க. அழுவுறாளா இல்லியான்னு பாத்துட்டு அப்பால நான் குத்திக்கிறேன்."

குழந்தைக்கு வெள்ளிக்கிழமை பயம். அத்தை சாணச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு மகளைத் தூக்கி அணைத்துக்கொண்டாள். "சரி. மொதல்ல இவளுக்குத் தான். உனுக்கு அப்பறம் தான். சத்தியம்," என்றாள்.

சட்டம் சட்டம்தானே. செய்தால் முழுசாகச் செய்ய வேண்டும். என்னென்ன வேண்டும் என்று கேட்டோம். அத்தை ஒவ்வொன்றாகச் சொன்னாள். பந்தல், மாவிலை, காப்பரிசி. "எல்லாத்துக்கும் முன்னாடி தாய்மாமனை அழைக்கணும். தட்டோட, ரெண்டு பேரா, புருசன் பொஞ்சாதியா, நேர்ல போயி. வர்றவன் போறவன் கிட்ட சொல்லி அனுப்பக் கூடாது," என்றாள். கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் உரக்கவே சொன்னாள். மாமா மாட்டுக் கொட்டகையில்தான் இருந்தார். அப்புறம் கூடையை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டாள்.

பட்டாளம் கூடிப் பேசியது. மரப்பாச்சிக்குத் தாய்மாமன் யார்? நான்தான் என்று எங்களில் ஒருவன் கிளம்பினான். சம்பத் விடவில்லை. மரப்பாச்சி யாருடையது? அத்தை கல்யாணத்துக்குச் சீராக அவள் பிறந்த வீட்டிலிருந்து வந்தது. அப்படியானால் அத்தைதான் அதற்குத் தாய். தாய்க்கு அண்ணன் யார்? கோதண்டம். இதில் எங்கே தப்பு இருக்கிறது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

நானும் சம்பத்தும் புருஷன் பெண்டாட்டி ஆனோம். அத்தையின் பழைய சேலையை எனக்கு மூன்று சுற்றுச் சுற்றினார்கள். தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனோம். பூந்தமல்லி கலீல் ரகுமான் பாய் வளையல் விற்று முடித்து ஒற்றை மாட்டு வண்டியில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். முகப்பேரிலும் நூம்பலிலும் அவர் வளையல் போடாத கை கிடையாது.

"இன்னா கண்ணுங்களா, ஜோடியா எங்க கெளம்பிட்டீங்க?"

"நூம்பலுக்குப் பாய். தாய்மாமனை அழைக்க," என்றான் சம்பத்.

பாய் தட்டைப் பார்த்தார். சேலையில் தடுக்கிக்கொண்டு நிற்கிற என்னைப் பார்த்தார். யாருக்குக் காதுகுத்து என்று கேட்டார். சொன்னோம். தாடியைத் தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஏறுங்க," என்றார்.

வானகரம் தாண்டி, வேலப்பன்சாவடி தாண்டி, நூம்பல் போய்ச் சேருவதற்குள் எனக்குச் சேலை இரண்டு தடவை அவிழ்ந்துவிட்டது. கோதண்டம் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து கலப்பைக்கு ஆப்பு செதுக்கிக்கொண்டிருந்தார். அத்தையின் அதே மூக்கு, அதே அகலக் கால். நாங்கள் யார் என்று சொன்னதும் அவர் உளி அப்படியே நின்றது.

சம்பத் தட்டை நீட்டினான். மனப்பாடம் செய்திருந்ததைத் தொண்டை கிழியச் சொன்னான். "எங்க ஊட்டுக் கொழந்தைக்கு நாளைக்குக் காது குத்துறோம். தாய்மாமன் நீங்க முன்ன வந்து மடி குடுக்கணும்!"

எந்தக் குழந்தை என்பதை மடையன் சொல்லவில்லை. நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டார். கைகால் கழுவி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்து, இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டார். பெரிய மனுஷர்களிடம் வாங்குவதுபோல் குனிந்து வாங்கினார். "வரேன்னு சொல்லுங்க," என்றார். தட்டை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு பொம்மைக்கு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

திரும்புவதற்குத் தன் வண்டியையே பூட்டச் சொன்னார். நாங்கள் ஏறும்போது பாய் அவரைத் தள்ளிக் கூட்டிக்கொண்டுபோய் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். வளையல் பேச்சாக இருக்கும் என்று நான் நினைத்தேன்.

பொழுது சாயும் நேரத்துக்குத் தெருமுனையில் வண்டியிலிருந்து இறங்கி வீடு வந்தோம். அத்தை இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள். "எங்க சுத்திட்டு வரீங்க?"

"தாய்மாமனை அழைக்கப் போனோம்."

"வரேன்னாரா?"

"வரேன்னார்."

"அப்ப சரி," என்று சிரித்தாள். தெருக்கோடியில் ஏதோ ஒரு பொடியனை அழைத்துவிட்டு வந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள். நாங்கள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை.

மறுநாள் காலையில் பந்தல் தயார். பந்தல் என்றால் நான்கு கழியும் ஒரு தென்னங்கீற்றும். மரப்பாச்சிக்கு மஞ்சள் துணி கட்டி மணையில் உட்கார வைத்திருந்தோம். அத்தை சட்டத்துக்குக் கட்டுப்பட்டு உண்மையாகவே அரிசியும் வெல்லமும் எள்ளும் தேங்காயும் போட்டுக் காப்பரிசி கலந்துகொண்டிருந்தாள். மாமா அதில் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, "பொம்மைக்குப் பல்லே இல்ல, அதான் அது பங்கையும் நான் துன்றேன்," என்று கேலி செய்தார்.

அப்போதுதான் மேளச் சத்தம் கேட்டது.

வண்டிக்கு முன்னால் மேளம். வண்டியில் வாழைத்தார், தேங்காய், தட்டுத் தட்டாகப் பழம், பட்டுப்பாவாடை, வளையல். பக்கத்தில் நூம்பல் பத்தர் செங்கல்வராயன் தன் சின்னப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். கோதண்டம் சலவை வேட்டி கட்டி, நடந்தே வந்தார். தெரு முழுக்க வெளியே வந்துவிட்டது.

அத்தை வெல்லக் கையோடு ஓடி வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள், சம்பத்தின் முகத்தைப் பார்த்தாள், பந்தலில் இருந்த பொம்மையைப் பார்த்தாள். யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இத்தனை வருஷம் கழித்து அண்ணன் வாசலுக்கு வந்திருக்கிறார், அதுவும் ஒரு மரப்பொம்மைக்கு. ஊர் சிரிக்கப் போகிறது. இந்த அவமானத்தோடு திரும்பினால் செத்தாலும் இந்தப் பக்கம் எட்டிப்பார்க்க மாட்டார்.

ஊர் சிரிக்கவும் ஆரம்பித்தது. ஜம்புலிங்கம் கூட்டத்திலிருந்து, "அட, பொம்மைக்கா இவ்ளோ சீரு!" என்று குரல் கொடுத்தார்.

வரதன் மாமா திரும்பி அவரை ஒரு முறை முறைத்தார். பிறகு வாசலுக்கு இறங்கி வந்தார். மாமாவை நான் அப்படி ஒடுங்கிப் பார்த்ததில்லை. "மச்சான்... கோவிச்சிக்காதே. பசங்க ஏதோ ஆட்டம் ஆடிகினு..." என்று மெதுவாக ஆரம்பித்தார்.

"தெரியும் மச்சான்," என்றார் கோதண்டம். "பாய் அங்கியே சொல்லிட்டாரு. மரப்பாச்சிக்குன்னு தெரிஞ்சி தான் வந்துகீறேன்."

மேளக்காரர் கை நின்றுவிட்டது.

"தட்டு வந்திச்சி. ரெண்டு பேரா வந்து, நேர்ல நின்னு, முறையா கூப்டாங்க. கூப்டது பொம்மைக்கா இருந்தா இன்னா? என் தங்கச்சி ஊட்டுத் தட்டு தானே அது?"

சொல்லிவிட்டு அவர் பந்தலுக்குள் போய் மணையில் உட்கார்ந்தார். மரப்பாச்சியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஜம்புலிங்கம்கூடச் சிரிக்கவில்லை.

மாமா விடுவிடென்று உள்ளே போனார். சாமி மாடத்துக்குப் பக்கத்தில் இருந்த பித்தளைத் தாம்பாளத்தை எடுத்து, வெற்றிலை பாக்கு வைத்து, அத்தையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். அத்தையின் கையில் வெல்லம் ஒட்டிக்கொண்டிருந்தது. அப்படியே அவளையும் தட்டைப் பிடிக்க வைத்து, கோதண்டத்துக்கு முன்னால் நின்றார்.

"மச்சான், எங்க பொண்ணுக்குக் காது குத்துறோம். நீ மடி குடுக்கணும்."

"இன்னா மச்சான், சபதம் இன்னா ஆச்சி?" என்று கோதண்டம் கேட்டார். கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது.

"உன் ஊட்டு வாசல்ல தட்டு வெக்க மாட்டேன்னு தானே சொன்னேன்? இது என் ஊடு."

தெருவே சிரித்தது. இந்தச் சிரிப்பு வேறு சிரிப்பு. பத்தர் மட்டும், "நாளு கிழமை பாத்தீங்களா யாராச்சும்?" என்று கடுகடுத்தார். "வளர்பிறை, புதன்கிழமை. பாத்துட்டுத் தான் உன்னை வண்டியில ஏத்தினேன்," என்றார் கோதண்டம். வேட்டித் தலைப்பில் போட்டிருந்த முடிச்சை அவிழ்த்தார். உள்ளே ஒரு ஜோடித் தங்கத் தோடு இருந்தது. வரலட்சுமிக்கு ஒரு வயதானபோது செய்து வைத்தது. அதோடு இரண்டு குண்டுமணியும் இருந்தது. அது மரப்பாச்சிக்கு.

அவர் பொம்மையை இறக்கி வைத்துவிட்டு வரலட்சுமிக்குக் கையை நீட்டினார். குழந்தை அம்மாவின் சேலைக்குப் பின்னால் பதுங்கியது.

"நில்லுண்ணா," என்றாள் அத்தை. அண்ணனிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. "மொதல்ல மரப்பாச்சி. கொழந்தைக்கு வாக்குக் குடுத்துகீறேன். செஞ்சா முழுசா செய்யணும்."

ஒரு கல்யாணக் கூட்டமே காத்திருந்தது. பத்தர் முணுமுணுத்துக்கொண்டே மெழுகை உருக்கி, குண்டுமணி இரண்டையும் மரக்காதில் ஒட்டினார். மேளம் கொட்டியது. காப்பரிசி கொடுத்தோம். வரலட்சுமி கிட்டே போய் மரப்பாச்சியின் முகத்தைக் குனிந்து பார்த்தது. "அழுவல," என்றது. பிறகு தானாகவே போய் மாமன் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

ஊசி பட்டதும் அது ஊரைக் கூட்டியது வேறு கதை. அதைவிட அதிகமாக அழுதவர் கோதண்டம்தான். மரப்பாச்சி பொய் சொல்லிவிட்டது என்று வரலட்சுமி அதைத் தூக்கி எறிந்தது. ஒரு குண்டுமணி அன்றே உதிர்ந்துபோனது. மற்றொன்று இன்னும் இருக்கிறது. பொம்மை இப்போது என்னிடம்தான் இருக்கிறது, அத்தை கொடுத்தது.

அடுத்த நாள் காலையில் பட்டாளம் பழக்கதோஷத்தில் வாசலுக்கு ஓடியது. சாணம் தெளிக்கவில்லை. சட்டி காலியாகக் கிடந்தது. அத்தை வேப்பமரத்தடியில் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே சட்டியில் இருந்த பழையதை அவர் கையில் உருட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். உப்பு கூடியிருக்கும், எனக்குத் தெரியும். அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கி இன்னா நாளு அத்தே?"

"நாளும் கெடயாது, ஒண்ணும் கெடயாது. போங்க, போயி எதுனா பண்ணுங்க," என்றாள் அத்தை. "எங்க அண்ணன் வந்துகீது."